பத்தொன்பது அடி இலை

டாக்டர்: வாயை இன்னும் கொஞ்சம் பெருசா தொறங்க மாஸ்டர்... அப்படித்தான். உங்க இலை காலையில என் கிளினிக் ஜன்னல் வழியா உள்ள வந்துருச்சு, பாத்தீங்களா?

மாஸ்டர்: ஆ...

டாக்டர்: செடித் தொட்டி கீழ உங்க தையல் கடையில. நுனி இங்க மாடியில. அளந்தேன், பத்தொன்பது அடி. துப்புங்க.

மாஸ்டர்: த்தூ... கொடிப் பெரணின்னா அப்படித்தானே டாக்டர். சுத்திக்கிட்டு ஏறுறது மொத்தமும் ஒரே இலை, நிக்காம வளரும்னு நீங்கதானே சொன்னீங்க.

டாக்டர்: சொன்னேன். ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும் வளர மாட்டேங்குதே.

மாஸ்டர்: ...அதுக்கும் ஒரு நாள் லீவு வேணாமா?

டாக்டர்: தொறங்க. என் வீட்டம்மா அதைத் தூள்லருந்து வளர்த்தா, தெரியுமா? பூவும் கிடையாது, விதையும் கிடையாது. இலைக்கு அடியில வர்ற தூளை ஈர மண்ணுல தூவி, கண்ணாடி மூடி போட்டு, நகத்தளவு இலை வர ஒரு வருஷம் காத்திருந்தா. வெளியூர் வேலைக்குக் கிளம்பறப்ப "உடம்பைப் பாத்துக்கங்க"ன்னு சொல்லல. "பெரணியைப் பாத்துக்கங்க"ன்னா.

மாஸ்டர்: ம்ம்...

டாக்டர்: நாளைக்கு வர்றா.

மாஸ்டர்: ஆங்?

டாக்டர்: அசையாதீங்க, ஊசி இருக்கு. பூதக்கண்ணாடியோட வர்றாளாம். ஒவ்வொரு குட்டி இலையா திருப்பி, அடியில தூள் வந்திருக்கான்னு...

மாஸ்டர்: கையை எடுங்க டாக்டர். திருப்பிப் பாக்கறதா? எதுக்கு... மேல்பக்கம்தானே அழகு?

டாக்டர்: அடிப்பக்கம் என்ன இருக்கு மாஸ்டர்?

மாஸ்டர்: ...லைனிங்.

டாக்டர்: என்னது?

மாஸ்டர்: லைனிங் துணி. மன்னிச்சிருங்க. கடையில நல்ல வெளிச்சம்னு தொட்டியைக் குடுத்துட்டுப் போனீங்க. மறுநாளே போச்சு. தண்ணி ஊத்த ஊத்த பச்சை கரைஞ்சு ஓடுது... உங்க முகத்துல எப்படி முழிப்பேன்? மீந்த ப்ளவுஸ் பிட்டுல நாலு இலை தச்சு வச்சேன். நீங்க வந்து பாத்துட்டு, "அட, வளந்திருக்கே"ன்னு சிரிச்சீங்க. அப்புறம் நிறுத்த முடியுமா? தினம் ஒரு இஞ்ச். எட்டு மாசமா ஒருத்தர் ப்ளவுஸும் சொன்ன தேதிக்குக் குடுக்கல. ஏதாவது பேசுங்க டாக்டர். நல்ல பல்லைப் பிடுங்கினாலும் சரி.

டாக்டர்: ரெண்டாம் வாரமே ஒரு இலையில பட்டன் மாட்டற காஜா பாத்தேன்.

மாஸ்டர்: பாத்துட்டா சும்மா இருந்தீங்க?

டாக்டர்: நான் எந்த மூஞ்சியோட கேக்கறது மாஸ்டர்... உங்ககிட்ட குடுக்கறப்பவே அது செத்துப் பத்து நாள் ஆச்சு. உங்க தலையில கட்டிடலாம்னு, பச்சைக் கலர் பூசித்தான் கொண்டாந்தேன்.