முதல் ரெண்டு எழுத்து

இல்ல மேடம், கம்ப்யூட்டர் தப்பு பண்ணலை. அது பாவம், சொன்னதைத்தான் செய்யும். இப்படி உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும்.

பலகுரல் போட்டிக்கு நீங்கதானே மார்க் போட்டீங்க. அம்பது பேருக்கும் மார்க்கையும் கருத்தையும் ஒரே கட்டத்துல சேர்த்து அடிச்சு வச்சுட்டீங்க. 78 குரல் சரி, மூச்சு வாங்குது. 64 தவளை மட்டும் நல்லா வந்தது. இப்படியே. மார்க்கை மட்டும் உருவி வரிசைப்படுத்துன்னு ஹெட்மாஸ்டர் என்கிட்ட குடுத்தார். எப்படிச் சொன்னார் தெரியுமா? க்க்கும், அரை மணி நேரம்தாம்மா, க்க்கும். சிரிச்சுட்டீங்க பாத்தீங்களா. அந்தக் க்க்கும்மைக் கண்டுபிடிச்சதே நான். தங்கச்சி என்கிட்டேருந்து சுட்டுட்டா.

ஆமா, அவளேதான், நீங்க கேட்டு வந்தவ. வீட்ல அவ அம்மா குரல்ல கூப்பிட்டா அப்பா வாளியைப் போட்டுட்டு ஓடி வரார். நான் கூப்பிட்டா, தொண்டை கட்டிக்கிச்சாடின்னு கேக்கறார்.

சரி சரி, விஷயத்துக்கு வரேன். இந்தக் க்வெரில, அதான் கம்ப்யூட்டருக்கு நான் எழுதின கட்டளைல, ரெண்டு எண் குடுக்கணும். எந்த எழுத்துல ஆரம்பிக்கணும், எத்தனை எழுத்து வெட்டி எடுக்கணும். இங்க பாருங்க, ஒண்ணுல ஆரம்பிச்சு ரெண்டு எழுத்து. எல்லாருக்கும் கச்சிதமா வந்துடுச்சு. ஒருத்தி மட்டும் நூறு வாங்கியிருக்கா. நூறுல முதல் ரெண்டை மட்டும் வெட்டி எடுத்தா பத்து. கடைசி இடம். பட்டியல் ஒட்டினதுலேருந்து அவ வாயே திறக்கலை. யார் குரல்லயும்.

முதல் இடமா? தொண்ணூத்தொண்ணு. நான்தான். வெளிப் போட்டிக்கு ஒருத்தர்தான் போகலாம், நாலு மணிக்கு வண்டி. நேரம் இருக்கு மேடம், இந்த ரெண்டை மூணாக்கினா போதும்.

கருத்தையும் தனியா வெட்டிப் பாத்தேன், சும்மாதான். அவளுக்கு, இந்தப் பிள்ளைகிட்ட நான் கத்துக்கணும்னு எழுதியிருக்கீங்க. எனக்கு, முன்னாடி வந்தவளோட அக்காவாம், பரவாயில்லை. பரவாயில்லைன்னா என்ன மேடம் அர்த்தம்?

சேச்சே, கோவமெல்லாம் இல்ல. இதோ, மாத்திட்டேன். அவ பேர் மேல ஏறிடுச்சு பாருங்க. ஏறும்னு தெரியும். மொதல்ல நான் மூணுன்னுதான் போட்டிருந்தேன்.