காற்றுப் புகாத பெட்டி

டீ வேண்டாம், இன்ஸ்பெக்டர் மேடம். தப்பாக நினைக்காதீர்கள். அந்தக் கிளாஸின் விளிம்பில் யாரோ வாய் வைத்த தடம் இருக்கிறது. எச்சில் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில்கூட என் டம்ளர் தனிதான். பிள்ளைகள் எனக்கு ‘பினாயில் பவுல்சாமி’ என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

மேஜை மேல் இருக்கிற பெட்டி நான் வாங்கியதுதான். ஜூலியட் கொண்டுவந்து கொடுத்தாள் என்றீர்கள். அவள் என் மனைவி. செத்துப்போன லாய்ட் அவளுடைய தம்பி. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் பெட்டிக்காக நான் அலைந்த அலைச்சல் அவளுக்குத் தெரியாது. தயவுசெய்து அதை இந்த அறையில் திறக்காதீர்கள்.

லாய்ட் கல்யாண வரவேற்புகளில் கிளாரினெட் வாசித்தவன். பைக் சங்கிலியில் மாட்டி வலது கையில் மூன்று விரல் போன பிறகு, சாந்தோமில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்துவிட்டான். வடபழனியில் சினிமாக்காரர்களின் வாத்தியங்களைப் பழுது பார்க்கும் கரீமுல்லா, மிச்சமிருந்த விரல்களையும் உள்ளங்கையையும் வைத்தே எல்லாத் துளைகளையும் மூடும்படி அவனுடைய கிளாரினெட்டை மாற்றிக் கொடுத்தார். நீளநீளக் கம்பிகள், அழுத்தினால் துளையை மூடும்படி நாலா பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் சாவிகள். சாதாரண கிளாரினெட்டைத் துண்டு துண்டாகக் கழற்றித் துடைத்து ஒரு சின்னப் பெட்டியில் அடக்கிவிடலாம். இதில் கம்பிகள் மேலிருந்து கீழே வரை ஓடுவதால் மொத்தத்தையும் ஒரே துண்டாகப் பிணைத்துவிட்டார். பார்ப்பதற்குக் குச்சியில் ஏறிய நண்டு.

வாசித்து முடித்ததும் அதை எங்கள் சாப்பாட்டு மேஜையில், ஜன்னல் பக்கமாகப் படுக்க வைப்பான்.

“இத்த கழட்ட முடியாதுல்ல மாமா. உள்ள தண்ணி நிக்கும். காத்தாட கெடக்கட்டும்,” என்றான்.

தண்ணி என்று அவன் சொன்னது எச்சிலை. நான் இட்லி சாப்பிடுகிற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி அது சொட்டும். கொழகொழவென்று, நடுவில் ஒரு குமிழியோடு. ஜூலியட் ஒரு துணியால் அதைத் துடைப்பாள். அதே துணியால் என் தட்டு வைக்கிற இடத்தையும் துடைப்பாள். சொல்லிப் பார்த்தேன்.

“விரல்தான் போச்சு, மூச்சு ஒண்ணுதாங்க அவனுக்கு மிச்சம். அதுக்கும் முகத்தைச் சுளிச்சா எப்படி?” என்றாள்.

சரி, பெட்டி தேடலாம் என்று கிளம்பினேன். மயிலாப்பூரில் வீணைக்குப் பெட்டி இருந்தது, வயலினுக்கு இருந்தது, இந்த நண்டுக்கு இல்லை. பாண்டி பஜாரில் பை விற்கிறவன் போட்டோவைப் பார்த்துவிட்டு, “இன்னா சார் இது, துப்பாக்கியா?” என்று கேட்டான். கடைசியில் பட்டினப்பாக்கத்தில்தான் கிடைத்தது. ஜூலியட் வழக்கமாக மீன் வாங்கும் தேசம்மாவிடம் ஒரு ஐஸ் பெட்டி இருந்தது. ஒரு முழு வஞ்சிரம் அதில் நீட்டிப் படுத்திருந்தது. மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு அளவு பார்த்தேன்.

“புச்சு ஒண்ணு வாங்கியாரவா சார்? மூடில ரப்பர் கீது பாரு. காத்து உள்ள பூராது. ஈரம் வெளிய வராது,” என்றாள்.

ஈரம் வெளியே வராது. எனக்கு வேண்டியது அதுதான்.

தி.நகரில் சிவப்பு வெல்வெட் வாங்கி உள்ளே ஒட்டி, தோளில் மாட்ட வாரும் தைத்தேன். லாய்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தம் கொடுத்தான். ஈரமாக.

“ஆனா தொடைக்காம மூடக் கூடாது மாமா. என் கையால துணிய இழுக்க முடியல.”

“நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன்.

துடைப்பது என்றால், நூலில் கட்டிய துணியை ஒரு பக்கம் விட்டு மறு பக்கம் உருவ வேண்டும். அது ஊறிப்போய் வெளியே வரும். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டும் என்னால் முடியவில்லை. ஈரத்தோடேயே படுக்க வைத்து மூடினேன். அன்றிலிருந்து மேஜை சுத்தமாக இருந்தது.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். நான் உயிரியல் ஆசிரியர். ரொட்டியை நனைத்து டப்பாவில் மூடி வைத்து, அடுத்த வாரம் பூஞ்சையைக் காட்டுவது வருடாவருடம் நான் நடத்திய பாடம். மழைக்காலத்தில் ஒரு நாள் டார்ச் அடித்துக் குழலுக்குள் பார்த்தேன். சாம்பல் பச்சையில் சுவரெல்லாம் படர்ந்திருந்தது. மூடிவிட்டேன்.

“ஒரு மாதிரி வாடை வருது மாமா,” என்றான் லாய்ட்.

“மீன் பெட்டிதானே, அப்படித்தான் இருக்கும்” என்றேன். சிரித்தான்.

அவன் வாயை எடுக்காமலேயே மூச்சை இழுத்து இழுத்து வாசிப்பவன். இருமல் வந்தது, பிறகு காய்ச்சல். அடையாறில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். புறா வளர்க்கிறீர்களா, வீட்டில் பூஞ்சை பிடித்த பொருள் ஏதாவது உண்டா என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். ஜூலியட் என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டைப் போல் சுத்தமான வீடு இந்தச் சர்ச் பங்கிலேயே கிடையாது என்றேன். அது உண்மை.

மருத்துவமனையில் அவனுக்குச் சரியாகிவிடும். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் மறுபடி மூச்சு இழுக்கும். ஊதினால் நுரையீரலுக்குப் பலம், விடாமல் ஊது என்று அவனுக்குச் சொன்னது நான்தான். அவன் மருத்துவமனையில் இருந்த நாட்களில் குழல் காய்ந்துவிடக் கூடாதே என்று இஸ்திரிக்குத் தெளிக்கிற பாட்டிலால் உள்ளே தண்ணீர் தெளித்ததும் நான்தான். ஜூலியட் பெட்டிக்குள் கண்டெடுத்தது அந்தப் பாட்டிலைத்தான். அதற்குள் அவன் கிண்ணம் கிண்ணமாகச் சளி துப்ப ஆரம்பித்திருந்தான். அந்தக் கிண்ணங்கள் என் வீட்டில் இருந்தன, மேடம். கொலை என்று எழுதப்போகிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை.

கடைசி நாள் ஜூலியட் பூசைக்குப் போயிருந்தாள்.

“ஒரே ஒரு தபா மாமா,” என்றான் லாய்ட்.

அவனால் தூக்க முடியவில்லை. நானே பெட்டியைத் திறந்து, எடுத்து, அவன் வாயில் வைத்துப் பிடித்தேன். கையுறை இல்லாமல் நான் அதைத் தொட்டது அன்றுதான். ஆழமாக இழுத்தான். சத்தம் வரவில்லை. இருமல் வந்தது, நிற்கவில்லை. உதடு நீலமாயிற்று. வாயிலிருந்து வழிந்தது என் விரலிடுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிக் கண்ணாலேயே போனைக் காட்டினான். அது என் பக்கத்தில்தான் இருந்தது.

அந்தக் கையோடு போனை எப்படித் தொடுவது? குழாயடிக்குப் போனேன். சோப்புப் போட்டு நகக்கண் வரை தேய்த்தேன். வாடை போகவில்லை என்று தோன்றியதால் மறுபடியும் போட்டேன். துண்டில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தபோது, லாய்டின் மொட்டைக் கை போன் மேல் கிடந்தது. அந்தப் போனையும் பிறகு துடைக்க வேண்டியதாயிற்று.

நீங்களாக இருந்தாலும் முதலில் கையைத்தான் கழுவியிருப்பீர்கள், மேடம்.