நான் கிளட்சை மெதுவாகத்தான் விட்டேன்

டீயைக் குடித்துவிட்டு எழுதுங்கள், இன்ஸ்பெக்டர் சார். அவசரமில்லை. இந்த ஆஸ்பத்திரி கேன்டீனில் ஆறிய டீக்கும் சூடான டீக்கும் ருசியில் வித்தியாசம் கிடையாது. சூட்டோடு குடித்தால் டீ குடித்தோம் என்ற நம்பிக்கையாவது மிஞ்சும்.

நீங்கள் வந்திருப்பது அத்தான் மேல் வழக்குப் போட. அவரே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து, "தப்பு என்னுதுங்க. கிளட்ச் விடத் தெரியாத பையனை டிராக்டர்ல ஏத்திவிட்டுட்டேன்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. முன்தலையில் முடி இல்லை. அக்கா புருஷனுக்கு நான் இன்னும் பையன்.

அந்த வரியை அடித்துவிடுங்கள். டிராக்டர் கவிழ்ந்தது என் ஏற்பாடு. அடியில் கிடந்திருக்க வேண்டியவர் அவர்.

அத்தானைக் கெட்டவர் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். என் பட்டறை நொடித்துப்போனபோது தன் ஷெட்டிலேயே ஒரு மூலை ஒதுக்கித் தந்தவர். அவரிடம் ஒரே ஒரு பழக்கம். நான் முடுக்கிய எந்த நட்டையும் அப்படியே விட்டதில்லை. சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து இன்னும் கால் சுற்று முடுக்குவார். பிறகு, "இப்ப சரி" என்பார். பம்பு, சைக்கிள், மின்விசிறி, எதுவும் தப்பியதில்லை. என் கல்யாணத்தில் நான் உட்காரவிருந்த நாற்காலியை ஆட்டிப் பார்த்து அதற்கும் கால் சுற்று. "இவன் உட்கார்ந்தா தாங்கணுமில்ல?" என்றார். கூட்டமே சிரித்தது. மணப்பெண்ணும்தான்.

பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். ஒரு ஆளைக் கொல்ல இது போதுமா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. கௌரவமான காரணம் ஏதாவது அகப்படுமா என்று ரொம்ப நாள் தேடினேன். சொத்துத் தகராறு, துரோகம், எதுவும் இல்லை. இருப்பதை வைத்துச் சமாளித்தேன்.

அவருடைய டிராக்டர் எங்கள் இருவருக்கும் மூத்தது. கூரை கிடையாது. கவிழ்ந்தால் ஓட்டுகிறவரைக் காக்கும் கம்பிச் சட்டமும் கிடையாது. பாரம் இழுத்தால் பின்சக்கரங்கள் மண்ணில் வழுக்கிச் சும்மா சுற்றும். அத்தானுக்கு அது தீராத குறை. அந்த வழுக்கல்தான் தன்னை உயிரோடு வைத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

அத்தானுக்கு இடுப்பு வலி. சங்கிலியைக் கீழே இருக்கும் கொக்கியில் மாட்டக் குனிய வேண்டும். அதனால் சீட்டுக்குப் பின்னால், உயரத்தில் இருக்கும் கம்பியில் மாட்டிவிடுவார். அங்கே மாட்டி, அசையாத ஒன்றை இழுத்தால் டிராக்டர் மூக்கைத் தூக்கும். மல்லாக்க விழப் பார்க்கும். சக்கரம் வழுக்கினால் தப்பிக்கலாம். மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் முடியாது.

பிடித்துக்கொள்ள நான் வழி செய்தேன். பழைய இரும்புக் கடையில் பின்சக்கரத்துக்கு மாட்டும் வார்ப்பிரும்பு வெயிட்டுகளைத் தேடிப் பிடித்தேன். ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு ஆள் வேண்டும். ரகசியம் காக்க வேண்டுமே என்று தனியாகத் தூக்கினேன். கொலை செய்யப் போகிறவன் இடுப்பில் தைலம் தடவிக்கொண்டு குப்புறப் படுத்திருந்தான் என்பதை வேண்டுமானால் எழுதாமல் விடுங்கள். அப்புறம் துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, இரண்டு சக்கரங்களிலும் போல்ட்டுப் போட்டு முடுக்கினேன். என் அன்பளிப்பு என்றேன். அக்கா கண் கலங்கினாள்.

அத்தான் ஸ்பேனரோடு வந்தார். முதல் நட்டில் வைத்து அழுத்தினார். அசையவில்லை. அடுத்தது. அதுவும் இல்லை. இரண்டு சக்கரங்களையும் சுற்றி வந்தவர், ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு என் தோளில் கை வைத்தார்.

"பரவாயில்லையே மாப்ள. வேலைன்னா இதான் வேலை. நீ மாட்டுனது, நீயே முதல்ல ஓட்டு."

வயல் நடுவே ஒரு மரத்தின் அடிக்கட்டை. சங்கிலி ஏற்கெனவே மாட்டியாயிற்று, வழக்கமான உயரத்தில். இறக்கி மாட்டச் சொன்னால் என் ஏற்பாடு பாழ். மாட்டேன் என்று மறுத்திருக்கலாம். ஆனால் அத்தனை வருஷத்தில் அது முதல் பாராட்டு சார். பல்லைக் காட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டேன். விஷயம் தெரிந்தவனாயிற்றே, பக்குவமாக ஓட்டிச் சமாளிப்பேன் என்று ஒரு நினைப்பு.

கிளட்சை மெதுவாகத்தான் விட்டேன். முன்சக்கரங்கள் எழுந்தன. அடுத்து நான் பார்த்தது வானம். நல்லவேளை, சங்கிலி அறுந்து வண்டி பக்கவாட்டில் சாய்ந்தது. அடி கால்களோடு போயிற்று. வண்டியை நெம்பி என்னை இழுத்தெடுத்தவர் அத்தான், அதே இடுப்போடு.

இப்போது என் காலில் கயிறு கட்டி, கப்பி வழியாக வெயிட் தொங்கவிட்டிருக்கிறார்கள். இன்று காலை வந்தவர் அந்தக் கப்பியின் நட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஸ்பேனரை எடுத்தார். கால் சுற்று.

"இப்ப சரி" என்றார். "கிளட்சைப் பட்டுனு விட்டுட்டே மாப்ள. உனக்குச் சொல்லிக்குடுக்காதது என் தப்பு. வண்டி ரெடியாயிடுச்சு. இன்னைக்கு அந்தக் கட்டையை நானே இழுக்கறேன். எப்படி விடணும்னு சாயந்திரம் வந்து சொல்றேன்."

"வெயிட்டு இருக்கா அத்தான்?" என்று மட்டும் கேட்டேன்.

"அதைக் கழட்டுவேனா? நீ குடுத்ததாச்சே. சங்கிலிதான் புதுசு. இது அறுந்துபோகாது."

நல்ல மனுஷன். அவர் பெயரில் ஒரு வழக்கு என்றால் என்னால் தாங்க முடியாது. அதற்காகத்தான் வாய் திறந்தேன். எல்லாவற்றையும் என் பெயரில் எழுதுங்கள். கிளட்ச் பற்றிய வரி மட்டும் வேண்டாம்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? போன் போட்டுப் பயனில்லை. புழுதி ஏறும் என்று ஷெட்டிலேயே வைத்துவிட்டுத்தான் வயலில் இறங்குவார். நீங்கள் உள்ளே வரும்போது வாசலில் வணக்கம் வைத்துவிட்டுப் போனாரே, நேராக அங்கேதான் போயிருக்கிறார். இவ்வளவு நேரத்தில் சங்கிலியை மாட்டியிருப்பார்.

உட்காருங்கள் சார். நான் இன்னும் கையெழுத்துகூடப் போடவில்லை. அவரைக் காப்பாற்றத்தானே இவ்வளவு நேரம், ஒன்றுவிடாமல், நிதானமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.