மிசஸ் டென்விலின் நாடிக்குழி

மோர்டனில் ரயில் ஏறுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நோர்தேர்ன் லைன் அங்கேதான் தொடங்குகிறது என்பதால் எப்போதும் இருக்க இடம் கிடைக்கும். நானும் என் கணவர் பத்மநாதனும் சனிக்கிழமைதோறும் அப்படி வசதியாக இருந்துகொண்டுதான் லண்டன் நடுவிலுள்ள காட்சிசாலைகளுக்கு ஓவியப் படம் பார்க்கப் போய்வந்தோம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். மொழிபெயர்க்க வந்திருக்கும் தங்கச்சியும் அவசரப்படாமல் சொல்லட்டும்.

அவர் பார்த்ததெல்லாம் ஒருத்தியின் படங்களைத்தான். மிசஸ் டென்வில். இருநூறு வருடத்துக்கு முன் லண்டன் மேடையில் அழுது, பார்த்தவர்களையெல்லாம் அழவைத்த நடிகை. அந்தக் காலத்து ஓவியர்கள் அவளை வரைவதற்குப் போட்டி போட்டார்களாம். குறுவாளோடு ஒரு படம், இறகுத் தொப்பியோடு ஒன்று, செத்த பிள்ளையை மடியில் வைத்தபடி ஒன்று. ஆளுக்கொரு மூக்கை வைத்துவிட்டார்கள். உண்மையில் அவளுடைய முகம் எது என்று கண்டுபிடித்து ஒரு புத்தகம் எழுதவேண்டும் என்பது என் கணவரின் ஆசை. இன்சூரன்ஸ் கந்தோர் வேலை சாப்பாட்டுக்கு. மிசஸ் டென்வில்தான் சீவியம்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. கலியாணம் கட்டிய நாள் முதல் என்னிடம் அதிகம் சொன்ன வசனம், "கௌரி, கொஞ்சம் அரக்கி நில்லும். மறைக்குது."

ஒரு மாரிகாலம், புதுக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வாட்டர்லூ ஸ்டேஷனில் அவருக்காக நின்றேன். என்னை நேரே பார்த்துக்கொண்டே வந்தார். கடந்து போனார். பின்னால் ஓடிப்போய்க் கையைத் தொட்டதும் "சொறி" என்று யாரோ பெண்ணிடம் மன்னிப்புக் கேட்பதுபோல விலகி நடந்தார். இதே மனிதர்தான் பஸ்ஸின் மேல்தட்டில் இருந்தபடி, ஒரு பழைய சாமான் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் கிடந்த மிசஸ் டென்வில் அச்சுப்படத்தைக் கண்டு, மணியடித்து இறங்கியவர். எனக்குக் கோபம் வரவில்லை. கண் என்பது ஒரு கருவி, அதை அவர் பிழையாகப் பாவிக்கிறார் என்று மட்டும் நினைத்தேன்.

எண்பத்தாறில் அவருக்குக் கண்ணில் அழுத்த வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, காலையும் மாலையும் ஒரு சொட்டு மருந்து விட்டால் சாகும்வரை பார்வை இருக்கும் என்றார் டாக்டர். தானே விட்டால் சொட்டு கன்னத்தில் விழுகிறது என்று அவர் என்னை விடச் சொல்லிக் கேட்டார். நான் மருந்துக்கடையில் வேலை செய்பவள். எனக்குக் கை நடுங்காது.

நான் விட்டது தண்ணீர். ஆனால் குழாய்த் தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். கொதிக்கவைத்து, ஆறவைத்து, வடித்து, மருந்துப் போத்தலில் ஊற்றி வைத்தது. கண்ணுக்குள் கிருமி போய்விடக்கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். கிளினிக்குக்குப் போகவேண்டிய நாள் நெருங்கினால் மட்டும் உண்மையான மருந்தை விடுவேன். அதனால் அங்கே அளக்கும்போது கண்ணழுத்தம் சரியாக இருக்கும், பார்வை மட்டும் குறைந்துகொண்டு போகும். சிலருக்கு அப்படியும் நடப்பதுண்டு என்று டாக்டர் வருத்தத்தோடு சொன்னார். நல்ல மனிதர், அவர்மீது பிழை இல்லை.

முதலில் பக்கப் பார்வைதான் போகும். நான் எப்போதும் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். ஆகவே முதல் சில வருடங்கள் நஷ்டம் எனக்குத்தான். பொறுத்துக்கொண்டேன்.

தொண்ணூற்றிரண்டில் முழுவதும் இருண்டுவிட்டது. அவர் சின்னப் பிள்ளைபோல அழுதார். "புத்தகம் இனி முடியாது, கௌரி" என்றார்.

"ஏன் முடியாது? நான் பாத்துச் சொல்லுறன். நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுறன்."

அதற்குப் பிறகுதான் நாங்கள் புருஷன் பெண்சாதியாக வாழ்ந்தோம். சனிக்கிழமைகளில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். படத்துக்கு முன்னால் நிற்போம். "சொல்லும்" என்பார். நான் சொல்வேன். வலது புருவம் இடதைவிடச் சற்று உயரம். உதட்டுக்குக் கீழே, நாடியில் ஒரு சின்னக் குழி. குறுவாள் படத்திலும் குழி, தொப்பிப் படத்திலும் குழி. மூக்குகள் வேறு வேறாக இருந்தாலும் நாடி ஒன்றுதான் என்று அவர் துள்ளாத குறை. "இவ்வளவு நாளும் என்ரை கண்ணுக்கு இது எப்பிடித் தப்பினது?" என்று கேட்டார்.

உங்களுக்கு இங்கிருந்து தெரியும் என்று நினைக்கிறேன், இன்ஸ்பெக்டர். இந்தக் குழி எனக்குப் பிறவியிலேயே இருக்கிறது.

புத்தகம் போன வருடம் வந்தது. பார்வையில்லாத ஒருவர் இவ்வளவு நுட்பமாகப் பார்த்திருக்கிறார் என்று பேப்பர்களில் புகழ்ந்தார்கள். கண்ணோடு இருந்த காலத்தில் ஒரு அத்தியாயம் முடிக்காதவர் அவர். கத்தரின் என்ற பெண், படக் காட்சிசாலையில் வேலை செய்பவள், வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: எந்தப் படத்திலும் நாடிக்குழி இல்லை என்று. என் கணவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் போனதும், "அந்தப் பிள்ளைக்குப் படம் பாக்கத் தெரியேல்லை, கௌரி" என்றார்.

அந்த ஒரு வசனத்துக்காக நான் எதையும் செய்திருப்பேன்.

பிறகு அவருக்கு இந்த அப்பென்டிக்ஸ் வருத்தம் வந்தது. திடீரென்று அம்புலன்ஸில் ஏற்றிப் போனதில் மருந்தை மாற்ற எனக்கு நேரம் கிடைக்கவில்லை. வார்டில் கண் வலிக்கிறது என்றிருக்கிறார். கண்ணழுத்தத்தை அளந்து பார்த்த இளம் டாக்டர் திகைத்துப்போய், என் கைப்பையிலிருந்த போத்தலைச் சோதிக்க அனுப்பிவிட்டார். மிச்சம் உங்களுக்குத் தெரியும். ஓம், ஒவ்வொரு சொட்டும் நான்தான் விட்டேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

அவர் என்னோடு பேச விரும்பவில்லை என்று சொல்கிறீர்கள். இப்போது கோபமாக இருப்பார். அது ஆறும். வீட்டில் சட்டை எங்கே, சவர்க்காரம் எங்கே என்று அவருக்குத் தெரியாது, என்னைத்தான் கூப்பிடவேண்டும்.

அதுவரை வார்டில் இருக்கிற நேர்சிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். இடது கண்ணை அவர் சட்டென்று மூடிவிடுவார். கீழ் இமையை மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் மருந்து விடவேண்டும், அசட்டையாக விட்டால் வீணாய்ப் போய்விடும். அவருடைய கண் விஷயத்தில் நான் ஒருநாளும் அசட்டையாக இருந்ததில்லை.