கீழேயிருந்து தட்டும் சத்தம்

— அதெல்லாம் முடியாது வாத்தியாரே. ஊர் சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு நீங்க நடத்துற பேய் உலா இன்னைக்கும் எங்க பப்புலதான் வந்து முடியணும்.

— டோரீன், சொல்றதக் கேளும்மா. சந்தை மண்டபத்துல ஆரம்பிச்சு, கோணக் கோபுரத்தச் சுத்தி, சிவப்புச் சிங்கம் பப்போட முடிச்சுக்கிறேன். அங்க வழிப்பறிக்காரன் கதை இருக்கு. ஜனங்களுக்கு அது போதும்.

— அந்த வழிப்பறிக்காரன் இந்த ஊர்ல எந்தப் பப்புலதான் படுக்கல? ஆளுக்கொரு கட்டிலப் போட்டு, அவன் தூங்கின கட்டில்னு காட்டுறாங்க. அவனுக்குக் கொள்ளையடிக்க நேரம் ஏது?

— நீங்க மட்டும் என்னவாம்? கடல் எங்கயோ இருக்கு, நாம எங்கயோ இருக்கோம். இந்த உத்தரமெல்லாம் போர்க்கப்பல்லேர்ந்து வந்த மரம்னு உன் புருஷன் ரெஜ் வாய் கூசாம அளப்பான்.

— அளப்பாரு. அதக் கேட்டுட்டு உத்தரத்தத் தொட்டுப் பாக்கிறவங்க இன்னொரு பீர் வாங்குவாங்க. அதுக்குத்தான்.

— உனக்காகத்தான் வேண்டாங்கிறேன். சத்தியமா. ரெஜ் போய் ஒரு மாசம்கூட ஆகல. அந்தக் கதைய இங்க நின்னு சொல்ல எனக்கு நாக்கு எழாது.

— ஏன் எழாது? எத்தனை வருஷமாச் சொல்றீங்க! "சீமான்களே, சீமாட்டிகளே, இந்தக் கறுப்பு அன்னம் பப்புக்குக் கீழே ஒரு நிலவறை. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி டோபியாஸ்ங்கிற குதிரை லாயக்காரனை அதுக்குள்ள வச்சுச் சுவர் எழுப்பிட்டாங்க. காதைத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க..." எனக்கே மனப்பாடம்.

— என்னைவிட நல்லாச் சொல்ற.

— உடனே கீழேருந்து எங்க மனுஷன் துடைப்பக்கட்டையால மூணு தட்டு. டொக், டொக், டொக். பொம்பளைங்க வீல்னு கத்துவாங்க. பயம் தெளியறதுக்கு ஒருத்தியாவது ஜின் கேப்பா.

— அதுல அவனுக்கு என்ன ஒரு குஷி! "நெவில், நான் இல்லேன்னா பேய்க்கு நீ எங்கடா போவ?"ம்பான்.

— கேக் எடுத்துக்குங்க. துக்கம் கேக்க வர்றவங்க எல்லாம் கேக்கோட வர்றாங்க. வைக்க இடமில்ல. சந்தையில முட்டைக்காரி காசு வாங்க மாட்டேங்கிறா.

— நீ சாப்பிட்டியா?

— சாப்பிட்டிருப்பேன்.

— அழுதியாம்மா?

— இல்ல. பல்லு புடுங்க ஊசி போட்ட மாதிரி இருக்கு. கிள்ளினாலும் வேற யாரோட கன்னமோ. அடக்கத்தன்னைக்கு சர்ச்சே அழுவுது, நான் ஜன்னல்ல இருக்கிற ஒட்டடையப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். எங்க அக்காவுக்குப் பெரிய அவமானமாப் போச்சு. சரி விடுங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அவரு போன அன்னைக்கு எத்தனை தட்டு?

— எத்தனைன்னா? எப்பவும் போல மூணுதான்.

— மூணோட நின்னுச்சா?

— சத்தியமா.

— காதத் தேய்க்காதீங்க. பொய் சொன்னா உங்க காது சிவக்கும்னு உங்ககிட்ட சரித்திரம் படிச்ச அத்தனை பிள்ளைங்களுக்கும் தெரியும்.

— டாக்டர்தான் சொன்னாரேம்மா. மாரடைப்பு, பட்டுனு போயிருக்கும், அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு.

— பட்டுனு போற மனுஷன் துடைப்பக்கட்டைய அப்படி இறுக்கிப் புடிச்சிருப்பாரா? உங்க கூட்டம் கலைஞ்சு போச்சு. பீரும் தீர்ந்து போச்சு. பீப்பாய் மாத்தாம என்ன பண்றாருன்னு நான்தான் இறங்கிப் பாத்தேன். விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுக்க வேண்டியிருந்துச்சு.

— டோரீன்...

— சொல்லுங்க. திட்டுறதுக்காகக் கேக்கல. எனக்குக் கோபமும் வரல.

— மூணோட நிக்கலம்மா. மூணு முடிஞ்சதும் ஒரு நிமிஷம் சும்மா இருந்தான். அப்புறம் தாறுமாறாத் தட்ட ஆரம்பிச்சான். ஒரு கோப்பை கூடுதலா உள்ள போயிருச்சு, பய ஆட்டம் போடுறான்னு நினைச்சேன். கூட்டத்தப் பாத்து, "டோபியாஸுக்கு இன்னைக்குக் கோபம். தன்னை வெளிய விடச் சொல்றான்"னேன். எல்லாரும் சிரிச்சாங்க. கைதட்டினாங்க. கீழ சத்தம் ஓயற வரைக்கும் தட்டினாங்க. நான் தலைகுனிஞ்சு கும்பிடு போட்டேன் டோரீன். என் சிநேகிதன் செத்துக்கிட்டிருக்கான், நான் மேல நின்னு கும்பிடு போட்டேன்.

— அழாதீங்க. நான் எங்க நின்னேன்னு நினைக்கிறீங்க? நிலவறையோட மூடிப் பலகை மேலயே நின்னு பீர் ஊத்திக்கிட்டிருந்தேன். காலுக்குக் கீழ அதிருது. ஓங்கி ஒரு மிதி மிதிச்சு, "போதும் நிறுத்துய்யா, கிளாஸெல்லாம் விழுந்து தொலையப் போவுது"ன்னு கத்தினேன். அதுக்கும் எல்லாரும் சிரிச்சாங்க.

— இத்தனை நாளும் இத மனசுலயே வச்சிருந்தியா?

— வச்சிருந்தேன்னும் இல்ல. அது பாட்டுக்கு இருந்துச்சு.

— அப்புறம் எதுக்கும்மா இன்னைக்கு மறுபடியும் இந்தக் கூத்து? பப்புச் சாவியக் குடுத்துட்டு அக்கா வீட்டுக்குப் போயிரு. யாரும் உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க.

— போறேன். நாளைக்கே போறேன். இன்னைக்கு ஒரு தடவை மட்டும். கூட்டம் நல்லா இருக்குமா?

— பர்மிங்ஹாம்லேருந்து ஒரு பஸ்ஸு வருது. ஓய்வு பெற்ற நர்சுங்களாம், ஒரே கும்மாளமா இருப்பாங்க.

— நல்லது. அன்னைக்கும் அவ்வளவு கூட்டம் இருந்துச்சு. பார்ல பீர் ஊத்த அக்கா பொண்ண நிக்கச் சொல்லியிருக்கேன். நீங்க எப்பவும் போலக் கதையச் சொல்லுங்க. நான் கீழ இறங்கிப் பலகைய மூடிக்கிறேன்.

— வேண்டாம்மா. அவன் நின்ன இடத்துல நின்னு நீ தட்டுறத என்னால கேக்க முடியாது.

— நான் தட்டப் போறதில்ல வாத்தியாரே. நீங்க அன்னைக்கு மாதிரியே எல்லாரையும் சிரிக்க வைங்க, கைதட்டச் சொல்லுங்க. அது கீழ இருக்கிறவங்க காதுல விழுமான்னு எனக்குத் தெரியணும்.