மார்க்வெல் டவரில் ஏறியவன்

இரவு மணி ஒன்று இருக்கும். மார்க்வெல்லிலிருந்து வடக்கே போகும் சரளைச் சாலை. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த சோளக்கொல்லை... நவம்பர்க் காற்று. ஒரு டிரக் விளக்கை அணைத்துக்கொண்டு ஊர்ந்து போனது.

ஓட்டியவன் கார்வின். பக்கத்தில் அவன் மனைவி லோர்னாவின் தம்பி எல்டன். இதெல்லாம் அந்த லோர்னாவின் ஒன்றுவிட்ட அக்கா சொல்லித்தான் தெரியும். அவள் யார், எந்த ஊர் என்று யாரும் கேட்க வேண்டாம். கதவை மட்டும் யாராவது நன்றாகச் சாத்துங்கள்.

கிளம்பும்போது லோர்னா வாசலில் நின்றாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. டிரக்கின் பின்னால் கடப்பாரையும் மண்வெட்டியும் ரம்பமும் சங்கிலியும் கிடந்தன. கேட்க என்ன இருக்கிறது.

"எனக்குன்னு மிச்சம் இருக்கிறவன் அவன் ஒருத்தன்தான்," என்றாள். "கூட்டிட்டுப் போறவன் நீ. கூட்டிட்டு வர்றதும் நீதான்."

"அவன் என்ன பச்சக் குழந்தையா?"

"ஆமா," என்றாள்.

டிரக் ரேடியோவில் எல்டன் முள்ளைத் திருப்பி, ஊர் நிலையத்தின் எண்ணான ஆயிரத்து நானூற்று எழுபதில் நிறுத்தினான். அந்த ஊரில் பிறந்தவன் கை தானாக அங்கேதான் போகும். தகரத்தில் மழை விழுவது போல வெறும் இரைச்சல்...

"அணைடா," என்றான் கார்வின். "செத்த வீட்டுக் கதவத் தட்டுற மாதிரி இருக்கு."

ஊருக்கு வெளியே புல்வெளியில் நிற்கும் அந்த ஒற்றை ரேடியோ டவர்தான் ஒரு காலத்தில் மார்க்வெல்லின் வாய். காலையில் சாவுச் செய்தி, நடுப்பகலில் பன்றி விலை, சோள விலை, சனிக்கிழமை ஆட்டப் பாட்டு. பிறகு தூரத்து நகரத்துக் கம்பெனி ஒன்று நிலையத்தை வாங்கியது. ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பியது. கடைசியில் கட்டடத்துக்குள் ஆளே இல்லை, ஒரு பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்த ஒருவன் பல ஊர்களுக்கும் சேர்த்து ஒரே வானிலை சொன்னான். ஆலங்கட்டி விழுந்து மார்க்வெல்லின் கார் கண்ணாடிகளெல்லாம் நொறுங்கிய மாலையில் அவன் நல்ல வெயில் என்றான்.

மிஞ்சியவர் ஆர்லோ பெனெஷ். புல் வெட்டுவார், டவரில் விளக்கு மாற்றுவார்.

அந்த வகை டவரில் இரும்பு முழுவதும் மின்சாரம். அது மண்ணில் இறங்காமலிருக்க அடியில் ஒரு பீங்கான் குடம், அதன்மேல்தான் மொத்த எடையும் நிற்கும். தரையைத் தொடாமல் இரும்பில் இருந்தால் ஒன்றும் ஆகாது, கம்பியில் குருவி உட்காருவது போல. ஒரு கை இரும்பிலும் ஒரு கால் தரையிலும் இருந்தால்... அவ்வளவுதான். அதனால் ஏறுகிறவன் இரண்டு காலையும் ஒன்றாக எடுத்துக் குதித்து ஏறுவான். இறங்கும்போது கையை விட்டுவிட்டுக் குதிப்பான். அந்த ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் இது தெரியும்.

ஆர்லோ நிதானமான மனிதர். மின்சாரத்தை அணைத்துவிட்டுத்தான் ஏறுவார். அன்றைக்கும் அணைத்தார். விளக்கை மாற்றினார். அணைத்ததுதானே என்று, ஏணியில் இறங்குவது போல இறங்கினார். ஒரு கால் தரையில். ஒரு கை இரும்பில். அதே நேரம் ஆயிரம் மைலுக்கு அப்பால் யாரோ, மார்க்வெல் ஊமையாக இருப்பதைத் திரையில் பார்த்து, பொத்தானை அழுத்தினார்கள்.

எதிர்க் கொல்லையில் நின்ற விவசாயிக்குப் பன்றி விலை கேட்டதாம். தெளிவாக. அவரிடம் ரேடியோ இல்லை. டவரடியில் எரிந்துகொண்டிருந்த ஆர்லோவிடமிருந்து கேட்டது. அந்த மின்பொறி அப்படித்தான்... நிலையத்தில் என்ன ஓடுகிறதோ அதையே பேசும்.

அதோடு நிலையத்தை மூடினார்கள். வாங்க ஆளில்லை. டவரைச் சுற்றி, சக்கரத்தின் ஆரங்கள் போல மண்ணுக்குள் புதைத்த செம்புக் கம்பிகள் மட்டும் அப்படியே கிடந்தன. அதற்காகத்தான் அந்த டிரக் போனது.

கார்வின் முதலில் மின்கம்பத்தைப் போய்ப் பார்த்தான். கம்பி அறுபட்டுத் தொங்கியது. மீட்டர் இருந்த இடத்தில் குளவி கூடு கட்டியிருந்தது.

"கரண்ட் இல்ல," என்றான்.

சங்கிலியை மாட்டி டிரக்கை நகர்த்தினார்கள். மண் கிழிந்து செம்பு வந்தது, செத்த மாட்டின் காலிலிருந்து நரம்பை உருவுவது போல. இழுத்த கம்பியை எல்டன் சுருட்டிச் சுருட்டி டவரின் அடியில் குவித்தான்.

"ஆர்லோவக் கொன்ன கரண்ட் இன்னும் இதுல கொஞ்சம் ஒட்டிட்டு இருக்குமோ மச்சான்?"

"செத்தவர வச்சு விளையாடாத."

"செத்தவர் கோவிச்சுக்கமாட்டார். எங்கக்காதான் கோவிச்சுப்பா."

டவரில் ஆள் உயரத்துக்கு மேலே தடித்த செம்புப் பட்டை ஒன்று இருந்தது. எல்டன் ரம்பத்தை இடுப்பில் செருகிக்கொண்டான்.

"சாதாரணமா ஏறு. கரண்ட் இல்ல," என்றான் கார்வின்.

எல்டன் சிரித்தான். ஆனாலும் அவன் கால் கேட்கவில்லை. இரண்டையும் ஒன்றாக எடுத்துக் குதித்துத்தான் ஏறினான். மேலே உட்கார்ந்து அறுக்கத் தொடங்கினான். கர்ரக்... கர்ரக்...

காற்று நின்றது.

முதலில் வாசனை வந்தது, மயிர் பொசுங்கும் வாசனை. பிறகு வேலிக்கம்பிகள் மெல்ல முனகின. டவரின் அடியில் இரும்பை உரசிக்கொண்டு நின்ற காய்ந்த களைச்செடி ஒன்று... நுனியில் நீலமாகப் பற்றியது. அந்தப் பொறி பேசியது. குளவியின் குரல். ஆனால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. பன்றி, நூறு பவுண்டுக்கு இவ்வளவு. சோளம், மூட்டைக்கு இவ்வளவு.

ரம்பம் நின்றது.

"மச்சான்... டிரக்ல ரேடியோவப் போட்டியா?"

டிரக் இருட்டில் செத்துக் கிடந்தது. கார்வின் திரும்பிப் பார்த்தான். மின்கம்பி அப்போதும் அறுபட்டுத்தான் தொங்கியது.

"அசையாத," என்றான். "தரையத் தொடாத வரைக்கும் உனக்கு ஒண்ணும் ஆகாது. நான் சொல்றப்ப கைய விட்டுட்டுக் குதி."

"குதிக்கவா?"

"இரு. கீழ நாம போட்ட செம்புக் குவியல் கிடக்கு. அதுமேல விழுந்தா காலு போயிடும். தள்ளிப் போட்டுடறேன்."

கார்வின் குனிந்து, மண்வெட்டியின் மரப்பிடியால் கம்பிச் சுருளை நெம்பித் தள்ளினான். பாதி நகர்ந்தது. அப்போது அவன் காலடியில், களைச்செடியிலிருந்து, ஒரு குரல் சொன்னது. "சாதாரணமா இறங்கு. கரண்ட் இல்ல."

கார்வினின் சொந்தக் குரல். அவன் வாயைத் திறக்கவில்லை.

மேலே இருட்டில் இருந்தவனுக்கு எப்படித் தெரியும். எல்டன் இறங்கினான், ஏணியில் இறங்குவது போல. கார்வின் "டேய்" என்று நிமிர்வதற்குள் ஒரு கால் மண்ணில் பட்டுவிட்டது.

ஈரத் துணியைக் கிழிப்பது போலச் சத்தம். எல்டனின் முதுகு வில்லாக வளைந்தது. பூட்ஸ் அடியிலிருந்து புகை. இரும்பைப் பிடித்த கை பிடித்தபடியே கறுத்தது. அவன் வாய் திறந்துகொண்டது... அதற்குள் நீலமாக என்னவோ எரிந்தது. பன்றி விலை இப்போது களைச்செடியிலிருந்து வரவில்லை.

கார்வின் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து மணிக்கட்டில் அடித்தான். விரல்கள் விடவில்லை. மறுபடி அடித்தான். எலும்பு உடைந்தது மரப்பிடி வழியாக அவன் கைக்குத் தெரிந்தது. விடவில்லை. முழங்கையில் அடித்தான், தோளில் அடித்தான். அழுதுகொண்டே தன் மனைவியின் தம்பியைப் பாம்பை அடிப்பது போல அடித்தான். அந்தக் குரல் அவசரப்படாமல் கோதுமைக்குப் போனது. கடைசியில் எல்டன் பெயர்ந்து விழுந்தான். இரண்டு விரல்கள் மட்டும் இரும்போடு தங்கிவிட்டன.

உடனே எல்லாம் அடங்கியது. காற்று திரும்ப வீசியது.

டிரக்கில் போகும் வழியெல்லாம் கார்வின் பேசிக்கொண்டே போனான். எல்டன் மூச்சு மட்டும் விட்டான்.

லோர்னா வாசலிலேயே நின்றிருந்தாள். பார்த்தாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுப் போர்வை கொண்டுவந்தாள். சமையலறைத் தரையில் கிடத்தினார்கள். எல்டன் கண்ணைத் திறந்தான். வெந்துபோன தன் கையை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது போலப் பார்த்தான். பிறகு லோர்னாவைப் பார்த்து, வயதான மனிதர் பேசுவது போல நிதானமாகச் சொன்னான்.

"உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டேம்மா. வெல்மாவக் கொஞ்சம் கூப்பிட முடியுமா? நான் இறங்கிட்டேன்னு சொல்லணும்."

வெல்மா என்பது ஆர்லோவின் மனைவி பெயர்.

உயிர் தங்கியது. கை போயிற்று. ஆஸ்பத்திரியில் எல்டன் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. வெல்மா ஒரு நாள் வந்தாள், யாரோ சொல்லி, கோபத்தோடுதான் வந்தாள். அவன் அவள் காதில் ஏதோ ஒன்று சொன்னான். அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியபோது அவள்தான் அவனுக்குக் கோட்டு மாட்டிவிட்டு, தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அவனும் வழி தெரிந்தவனாக முன்னால் நடந்தான்.

அன்றிரவு லோர்னா மேசையில் கார்வினுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். சூப் ஆறி ஆடை கட்டியது. கடைசியில் அவள் கேட்டாள்.

"என் தம்பிய எங்க விட்டுட்டு வந்த?"

கார்வின் எழுந்து டிரக்கை எடுத்தான்.

புல்வெளியில் பொறி இல்லை, வாசனை இல்லை. டவர் சும்மா நின்றது. அவன் அடியில் போய் நின்றான். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து...

"மச்சான். குதிக்கவா?"

குதி என்று சொல்ல வாயெடுத்தான். ஆனால் வெல்மா அந்த உடம்புக்குக் கோட்டு மாட்டிவிட்டதை அவன் பார்த்திருந்தான். இவன் குதித்தால் எதற்குள் விழுவான்?

"இரு," என்றான்.

அதிலிருந்து தினமும் போகிறான். கீழே இருந்த செம்பையெல்லாம் தூரத் தள்ளி, மண்ணைக் கொத்திப் பூப்போலாக்கி வைத்திருக்கிறான். எல்டன் கேட்பான். கார்வின் இரு என்பான். லோர்னா டிரக்கிலேயே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒன்றே ஒன்றுதான். அந்தக் குரல் ஒரே இடத்தில் இருப்பதில்லை. முதல் வாரம் கை எட்டும் தூரத்தில் இருந்தது. பனி விழத் தொடங்கியபோது கழுத்தை அண்ணாந்து பேச வேண்டியிருந்தது. பிறகு கத்த வேண்டியிருந்தது.

போன வாரம் கார்வின் டார்ச் அடித்து டவரின் உச்சியைத் தேடிப் பிடித்தான். குரல் அதற்கும் மேலேயிருந்து வந்தது.