உட்கார்ந்தே ஆடியிருக்கலாம்

முதலில் காப்பியைக் குடியுங்கள், தம்பி. ஆறிவிட்டால் வாயில் வைக்க விளங்காது. சூடாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. மில்வாக்கியிலேயே மட்டமான முதியோர் இல்லம் இதுதான் என்று சொல்ல மாட்டேன். மற்றவற்றை நான் பார்த்ததில்லை.

எர்வின் லூட்கே எப்படிச் செத்தார் என்றுதானே போலீஸில் கேட்கிறீர்கள்? பந்து உருட்டிச் செத்தார். அதுவும் இல்லாத பந்தை. கூடத்து டிவியில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டி வைத்திருக்கிறார்கள். ரிமோட் மாதிரி ஒன்றைக் கையில் பிடித்து வீசினால், திரையில் பந்து உருண்டு பத்துக் கட்டைகளைச் சாய்க்கும். நிஜமான பௌலிங் தளத்தில் நிஜமான பந்தைத் தூக்கி ஆடியே தோளைத் தேய்த்துக்கொண்டவள் நான். இந்தக் கூத்துக்கு ஒரு போட்டி, போட்டிக்கு ஒரு கோப்பை. வெறும் தகரம், மேலே மஞ்சள் பெயின்ட். எர்வின் இங்கே வரும்வரை அது வருஷாவருஷம் என்னிடம்தான் இருந்தது. அதில் எனக்கொன்றும் பெருமை இல்லை.

அந்தப் பெட்டிக்கு நம் உடம்பு தெரியாது. கையிலிருப்பது அசைவது மட்டும்தான் தெரியும். ஒருநாள் சோபாவில் சாய்ந்தபடி, பொத்தானில் விரலை வைத்துக்கொண்டே, ரிமோட் பிடித்த கையால் காதைச் சொறிந்தேன். பத்துக் கட்டையும் விழுந்தன. அன்றிலிருந்து மணிக்கட்டைச் சொடுக்குவதோடு சரி. யாராவது பார்த்தால் தோளையும் கொஞ்சம் ஆட்டுவேன்.

எர்வின் அப்படி இல்லை. பெயர் தைத்த சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வருவார். கம்பளத் தரையில் ஆடுவதற்கு, நிஜத் தளத்தில் போடும் வழுக்குக் காலணி வேறு. ஓடி வந்து, முழங்காலை மடக்கி, சறுக்கி வீசுவார். பார்க்கவே எனக்கு எரிச்சலாக வரும். எல்லாரும் கைதட்டுவார்கள்.

சென்ற மாதம் என்னிடம் வந்தார்.

"வெர்னா, நெஞ்சு பலவீனமா இருக்காம். மூச்சு வாங்குற மாதிரி எதுவும் கூடாதுன்னுட்டார் டாக்டர். உட்கார்ந்தே ஆடினா பெட்டி ஒத்துக்குமா?"

"ஆடலாம், கட்டைதான் விழாது. முழங்கால் மடங்குதான்னு வரைக்கும் அது பார்க்கும், எர்வின். அதை ஏமாத்த முடியாது."

"அடேயப்பா, கெட்டிக்காரப் பெட்டிதான்."

"முடியலைன்னா விட்டுடேன். பாட்டிங்களோட உட்கார்ந்து சீட்டு விளையாடு."

பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், காதெல்லாம் சிவந்துபோக.

அதற்குப் பிறகு அவர் கட்டை தவறவிடும்போதெல்லாம், "இன்னும் குனியணும்" என்பேன். குனிந்தார். தாதிப்பெண் கெய்லாகூடச் சொன்னாள், "உட்கார்ந்துக்கங்களேன், யார் என்ன சொல்லப் போறா?" என்று. "பெட்டி கண்டுபிடிச்சிடும்மா" என்றார் மனிதர். கெய்லா என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.

எனக்கும் அவருக்கும் இறுதி ஆட்டம் வெள்ளிக்கிழமை, மீன் வறுவல் சாப்பாட்டுக்குப் பிறகு. கடைசி வீச்சுக்கு வரும்போது அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. "இவ்வளவு குனிஞ்சா போதுமா, வெர்னா?" என்றார். "இன்னும் கொஞ்சம்" என்றேன். குனிந்து வீசினார். நிமிரவில்லை.

திரையில் பந்து அதுபாட்டுக்கு உருண்டு போயிற்று. அத்தனை கட்டைகளும் விழுந்தன. யாரும் திரையைப் பார்க்கவில்லை, எல்லாரும் அவரிடம் ஓடினார்கள். நான் போய்ப் பெட்டியை அணைத்தேன். ஒருவர் தரையில் கிடக்கும்போது டிவியில் வெற்றி இசை ஒலிப்பது மரியாதையில்லை அல்லவா? அதனால் அவர் எண்ணிக்கை பதிவாகவில்லை. பதிவாகாத ஆட்டம் செல்லாது. அந்த விதியை நான் போடவில்லை.

செத்துவிடுவார் என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும். அதற்காகத்தான் குனியச் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் கோப்பைக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தத் தகரத்துக்காக யாராவது ஒரு மனிதனைக் கொல்வார்களா?

ஐயோ, அதை எடுக்காதீர்கள், தம்பி. காலையில்தான் துடைத்து வைத்தேன், விரல் பட்டால் மங்கிவிடும்.